நாலு விநாடி மௌனம்

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் கமா. பேசும்போது நின்று நின்று போகிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரே சொன்னார்கள், கடைசியில் அவரே மின்னஞ்சலின் அடியில் ‘கமா’ என்று போட ஆரம்பித்துவிட்டார். திக்குவாய் என்பதற்கு இது எவ்வளவோ மேல் என்பது அவர் எண்ணம். அதோடு, இந்தப் பெயர் அவர் வாயில் தடங்கல் இல்லாமல் வரும். சொந்தப் பெயருக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.

திக்கலைப் பற்றித் தெரியாதவர்கள் எல்லா வார்த்தையும் ஒரே மாதிரி மாட்டிக்கொள்ளும் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. ஒரு வார்த்தை வராது என்று தெரிந்தால் பக்கத்து வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடலாம். ‘தண்ணீர்’ மறித்தால் ‘குடிக்க ஏதாவது’ என்று கேட்கலாம். பெயருக்கு என்ன செய்வது? “உங்க பேர் என்ன?” என்று யாராவது கேட்டால் அதற்கு ஒரே ஒரு பதில்தான், அது தொண்டையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். திருமணப் பதிவாளர் முன்னால் அவர் தன் பெயரைச் சொல்ல முப்பத்தொரு விநாடி ஆயிற்று. மாப்பிள்ளைக்குச் சம்மதமில்லையோ என்று பதிவாளர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அவருடைய அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார். சரக்கு கேட்டு மொத்தக் கடைக்குப் போன் செய்வது பையனின் வேலை. மறுமுனையில் எடுப்பார்கள், இங்கே பெயர் வராது, அங்கே “ஹலோ, ஹலோ” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். அந்த இடைவெளியில் வேறு வேலை இல்லாததால் பையன் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தான். நல்ல மனசுக்காரர்கள் ஆறு வரை பொறுத்தார்கள். அவசரக்காரர்கள் இரண்டிலேயே போய்விட்டார்கள். பெரும்பாலோர் நாலு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, டக். வருஷக்கணக்காக எண்ணியதில் இந்த விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

இப்படிப்பட்டவர் கடைசியில் தொலைபேசி சம்பந்தப்பட்ட கம்பெனி ஒன்றுக்கே வேலைக்குப் போனார். விதி, கிதி என்று பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம். அந்தக் கம்பெனி மட்டும்தான் நேர்முகத் தேர்வு வைக்காமல் எழுத்துத் தேர்வோடு ஆள் எடுத்தது.

கம்பெனி செய்த பொருள் கண்ணுக்குத் தெரியாதது. ஓர் அலுவலகத்துக்கு நீங்கள் போன் செய்தால் ஒரு கணினிக் குரல் எடுத்து, இதற்கு ஒன்றை அழுத்து, அதற்கு இரண்டை அழுத்து என்கிறதல்லவா? அந்தக் கணினி நேராகப் போனை எடுப்பதில்லை. நடுவில் இணைப்பகப் பெட்டி ஒன்று இருக்கிறது. அந்தப் பெட்டியை ஆறு கம்பெனிகள் செய்தன, ஆறும் ஆறு பாஷை பேசின. ஒரு கம்பெனியிடம் பெட்டி வாங்கினால் காலம் பூராவும் அவர்கள் காலடியில்தான் கிடக்க வேண்டும். கமாவின் கம்பெனி பெட்டிக்கும் கணினிக்கும் நடுவே ஒரு மென்பொருளை வைத்தது. கணினி ‘எடு’ என்றால் இது ஆறு பாஷையிலும் ‘எடு’ என்று சொல்லும். பெட்டியை மாற்றினாலும் மேலே எதையும் தொட வேண்டாம். உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், இலவசமாக எடுத்துப் போகலாம். ‘யாருக்கும் அடிமை இல்லை’ என்று மேலாளர் சுவரில் பெரிதாக எழுதி மாட்டியிருந்தார். அந்தச் சுவருக்குக் கீழே உட்கார்ந்தவர்கள் எல்லோரும் மேலாளர் சொன்ன நேரத்துக்கு வந்து சொன்ன நேரத்துக்குப் போனார்கள்.

ஆறு பெட்டிகளையும் ஒரு அலமாரியில் அடுக்கி, மேஜை நிறைய போன்களை வைத்துக்கொண்டு கமா நாளெல்லாம் சோதித்தார். எடுப்பார், வைப்பார், மறுபடி எடுப்பார். பேச வேண்டியதில்லை. சொர்க்கம்.

ஆறாவது பெட்டி மட்டும் உயிரை வாங்கியது. மறுமுனையில் ஆள் போனை வைத்துவிட்டுப் போனால் மற்ற ஐந்தும் தகவல் சொல்லும். இது சொல்லாது. ஆள் போய், சாப்பிட்டு, படுத்துத் தூங்கினாலும் இது லைனைப் பிடித்துக்கொண்டே இருக்கும். கணினியும் பாவம், வெறும் காற்றிடம் ‘தொடர ஒன்றை அழுத்தவும்’ என்று உபசாரம் செய்துகொண்டிருக்கும். சும்மா தள்ளிவிடவும் முடியாது, மலிவு என்பதால் பாதி ஊர் இந்தப் பெட்டியைத்தான் வாங்கியிருந்தது.

அதற்காக ஒரு கூட்டம் போட்டார்கள். மௌனத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று முடிவாயிற்று. இத்தனை விநாடி சத்தமே இல்லையென்றால் ஆள் வைத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு லைனை வெட்டிவிட வேண்டியது.

“எத்தனை விநாடி?” என்றார் மேலாளர்.

ஒருவர் பத்து என்றார், ஒருவர் மூன்று என்றார், இன்னொருவர் இதற்கு ஒரு ஆய்வே நடத்த வேண்டும் என்று கையைத் தேய்த்துக்கொண்டார். கமா எழுந்து போய்ப் பலகையில் பெரிதாக 4 என்று எழுதினார்.

“நாலா? எப்படிச் சொல்றீங்க?”

“அனு... அனுபவம்” என்றார் கமா.

பெட்டிகளோடு பழகிய அனுபவம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். போட்டுப் பார்த்தார்கள், அச்சாகப் பொருந்தியது. லைன்கள் டக் டக்கென்று விடுபட்டன. மேலாளர் அன்றைக்கு அவர் தோளில் தட்டினார். கமா மென்பொருளில் அந்த நாலு இருந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதி வைத்தார்: ‘இதற்கு மேல் யாரும் காத்திருப்பதில்லை.’

பதினோரு வருஷத்தில் அந்த மென்பொருள் எங்கெங்கோ போய்விட்டது. மருத்துவமனை, மின்சார அலுவலகம், நூலகம், பேருந்து நிலையம். கூடவே அந்த நாலும் போயிற்று. அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மாற்றத் தோன்றியிருக்கக் கூடியவர்கள், பாவம், போனில் புகார் சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டில் மனைவி, ஒரே மகள். மனைவிக்கு ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. அவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முடிப்பதற்குள் அவள் குழம்பைக் கொதிக்கவைத்து இறக்கிவிடுவாள். கடைக்காரர்களோ அவர் வாக்கியத்தைத் தாங்களே முடித்துவிடுவார்கள். “பிரவுனா சார்?” என்று கேட்டால் தலையாட்டுவது சுலபம். கறுப்புச் செருப்பு வாங்கப் போய் ஆறு வருஷமாகப் பிரவுன் செருப்போடு நடக்கிறார். வீட்டுச் சுவரின் பச்சை நிறம்கூட அவர் கேட்டதில்லை, வண்ணக்கடைக்காரர் கேட்டது.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்கும் திக்கும். “வீடு வாசல் எழுதி வெக்காட்டியும் இதை மட்டும் மறக்காம குடுத்துட்டீங்க” என்று மனைவி சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரித்துச் சொன்னாலும் அவருக்குச் சுருக்கென்றிருக்கும். தான் பட்டதைப் பிள்ளை படக்கூடாது என்று அவர் அப்போதே முடிவு செய்துவிட்டார். கடையிலும் டாக்டரிடமும் அவள் வாய் திறந்து இரண்டு எழுத்துத் தாண்டுவதற்குள் அவருக்கு விஷயம் புரிந்துவிடும், அவரே சொல்லிவிடுவார். வேடிக்கை என்னவென்றால் அடுத்தவர் வாக்கியத்தில் அவருக்குத் திக்கவே திக்காது. வண்ணக்கடைக்காரர் மாதிரித் தப்பாகவும் சொல்ல மாட்டார், அவள் என்ன நினைத்தாளோ அதையே சொல்வார். இந்த ஒரு விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

மகள் யாரிடமும் கேட்காமல் ஓர் அறிவியல் விடுதிப் பள்ளிக்கு எழுத்துத் தேர்வு எழுதினாள். ஊருக்கு வெளியே பஸ்ஸில் ஒரு மணி நேரம். தேறிவிட்டதாகக் கடிதம் வந்தது. சேர விருப்பமென்றால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பள்ளி எண்ணுக்குப் போன் செய்து, தேர்வு எண்ணை அழுத்திவிட்டு, மாணவியே தன் குரலில் பெயரைச் சொல்ல வேண்டும். போன வருஷம் பெற்றோரே பதிந்துவிட்டார்களாம், விருப்பமில்லாத பிள்ளைகள் விடுதிக்கு வந்து ஒரு மாதம் அழுதார்களாம். அதனால் இந்த ஏற்பாடு. பதியாதவர் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

அவள் திங்கட்கிழமையே பதிந்திருப்பாள் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை கமா செருப்பை மாட்டும்போது வந்து நின்றாள்.

“அப்பா, அந்த மெஷின்... நான் போனை வெ... வெச்சுட்டேன்னு...”

“நெனச்சுக்குது. எத்தனை தடவை பண்ணே?”

“மூ... மூணு.”

அவளுடைய போனை வாங்கி அவரே பள்ளி எண்ணைப் போட்டு, தேர்வு எண்ணையும் அழுத்திக் காதில் வைத்தார். ‘உங்கள் பெயரைச் சொல்லவும்’ என்றது குரல். அவர் பேசவில்லை. பழக்கதோஷத்தில் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. டக்.

எங்கே கேட்டாலும் அந்த டக்கை அவருக்குத் தெரியும். அவர் போட்டதுதானே. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம் ஊரார் தனக்குச் செய்ததை எண்ணி வைத்து, துடைத்து, மெருகேற்றி, ஊர் பூராவும் இலவசமாக விநியோகம் செய்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பள்ளிக்குப் போன் செய்து அந்த எண்ணை மாற்றச் சொன்னால் ஐந்து நிமிஷ வேலை. கமா போன் செய்வாரா? அலுவலகத்துக்கு லீவு சொல்லி ஒரு குறுஞ்செய்தி தட்டிவிட்டு பஸ் ஏறினார்.

பள்ளி அலுவலகத்தில் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்த எழுத்தர் அம்மா ஒருவர் இருந்தார். அவர் மேஜைக்குக் கீழே கணினி, அதற்குப் பக்கத்தில் நம் ஆறாவது பெட்டி. பெட்டியின் தலையில் ஒரு டீ டம்ளர்.

“அதைத் தொடாதீங்க. கம்பெனிக்காரங்கதான் தொடணும்” என்றார் எழுத்தர்.

“நா... நான்தான் கம்பெனி.”

அடையாள அட்டையை நீட்டினார். எழுத்தர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“என் பொண்ணு... பேரு சொல்றதுக்குள்ள... க... கட்டாயிடுது. நீங்களே கையால எழு...”

அவர் முடிப்பதற்கு எழுத்தர் உதவவில்லை. தன் பாட்டுக்குத் தாள்களில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். ‘எழுதிக்க முடியுமா’ வெளியே வந்து சேர்ந்ததும் நிமிர்ந்தார்.

“முடியாதுங்க. குரல் பதிவானாத்தான் பட்டியல்ல பேர் ஏறும். நான் எழுதினா போன வருஷக் கதைதான். மெஷினை வேணும்னா சரி பண்ணுங்க. டம்ளரை எடுத்துக்கறேன்.”

கமா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்த வார அழைப்புப் பட்டியலைத் திறந்தார். மௌனத்தால் வெட்டப்பட்டவை என்று தனியாக ஒரு வரிசை. அதில் மகளின் எண்ணைத் தேடினார். மூன்று தடவை இல்லை, காலையில் அவர் பண்ணியதைத் தள்ளினால் பத்தொன்பது. திங்கள் ஐந்து, செவ்வாய் ஏழு, புதன் நாலு, நேற்று மூன்று. எல்லாம் பள்ளி விட்டு வந்ததும், அம்மா வேலையிலிருந்து திரும்புவதற்குள். அவர் அதை மறுபடி ஒரு தடவை கூட்டிப் பார்த்தார். எழுத்தர் என்னவென்று கேட்கவில்லை, தண்ணீர் மட்டும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

நாலை அழித்தார். எவ்வளவு போடுவது? தன் வாழ்நாள் சாதனை முப்பத்தொன்று, மகள் தன்னைவிடக் கெட்டிக்காரி, எதற்கும் இருக்கட்டும் என்று நாற்பது போட்டார். பக்கத்திலிருந்த பழைய குறிப்பையும் அழித்தார். அந்த இடத்தை வெறுமையாக விட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றே கால். மனைவி வேலையில் இருந்தாள். மகள் தன் போனோடு கூடத்தில் தயாராக இருந்தாள்.

“இப்போ பண்ணு. நாப்பது விநாடி இருக்கு. மெ... மெதுவா சொல்லலாம்.”

பண்ணினாள். பிஸி. மறுபடி பண்ணினாள். பிஸி. கடைசி நாள் கூட்டம் என்று நினைத்தார்கள். இருபதாவது தடவைக்கு மேல்தான் கமாவுக்கு மண்டையில் உறைத்தது. பள்ளியில் இருப்பது ஆறே லைன். பதிந்து முடித்தவர்கள் போனை வைத்துவிட்டுப் போகிறார்கள், அந்தப் பாழாய்ப்போன பெட்டி அதைச் சொல்லாது, ஒவ்வொரு லைனும் நாற்பது விநாடி யாருமில்லாத காற்றுக்கு மரியாதை செய்துகொண்டு நிற்கிறது. மகளுக்காகத் திறந்துவைத்த வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதும் அவர் போட்ட நாற்பதுதான்.

அந்த நேரம் பார்த்து மேலாளரிடமிருந்து செய்தி வந்தது. ‘அந்த ஸ்கூல்ல ஆறு லைனும் அடைச்சுக் கிடக்குன்னு புகார். யார் நாப்பது போட்டது?’

‘நான்’ என்று தட்டினார். எழுத்தில் அவருக்குத் திக்கல் கிடையாது.

‘நாலு நல்லாத்தானே இருந்தது. பதினோரு வருஷமா ஒரு புகார் கிடையாது.’

‘புகார் சொல்ல நாலு விநாடி போதாது.’

‘விளையாடாதீங்க கமா. உடனே மாத்துங்க.’

கமா தன் போனை அணைத்து அலமாரிக்குள் வைத்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மேலாளருக்கு அவர் பதில் சொல்லாமல் விட்டது இதுதான் முதல் தடவை.

நாலு மணி ஆயிற்று, நாலரை ஆயிற்று. மகள் அழுத்திக்கொண்டே இருந்தாள். நாலு ஐம்பதுக்கு மறுமுனையில் மணி அடித்தது. கணினிக் குரல் எடுத்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டுத் தேர்வு எண்ணை அழுத்தினாள். ‘உங்கள் பெயரைச் சொல்லவும்.’

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு முதல் எழுத்துக்குத் தயாராகி அப்படியே நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. கமா மனசுக்குள் எண்ண ஆரம்பித்தார். நாலு தாண்டியது. டக் இல்லை. எட்டு. லைன் அமைதியாகத் திறந்து கிடந்தது. அவர் எழுதிய மென்பொருள், பொறுமை என்பதையே அறியாத ஜடம், அசையாமல் காத்துக்கொண்டிருந்தது. பத்து. மகளின் தோள் இறுகியது. பதினொன்று, பன்னிரண்டு.

பன்னிரண்டாவது விநாடியில் கமா குனிந்து, போனுக்கு நேராக, மகளின் பெயரை முழுசாக, தெளிவாக, ஒரு சின்னத் திக்கல்கூட இல்லாமல் சொன்னார்.

‘நன்றி. உங்கள் பெயர் பதிவானது’ என்றது குரல். ‘சரி என்றால் போனை வைக்கலாம். அழித்துவிட்டு மறுபடி சொல்ல ஒன்றை அழுத்தவும்.’

மகள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. ஏதோ நெடுநாளாகத் தெரிந்த ஒன்றை மறுபடி பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

“வி... விட்டுடும்மா” என்றார் கமா. “பதிவாயிடுச்சு. யாரு கேக்கப் போறாங்க. மணி ஆகுது, லைன் போச்சுன்னா...”

அவள் ஒன்றை அழுத்தினாள். ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு, உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கமா கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. எண்ணலாமென்று பார்த்தார், ஏழுக்கு மேல் ஓடவில்லை. கதவைத் தட்டலாமா என்று கை போயிற்று, இழுத்துக்கொண்டார். நாற்பது தாண்டியிருக்குமா, வெட்டியிருக்குமா, மணி ஐந்து ஆகிவிட்டதா, ஒன்றும் தெரியவில்லை. மேலாளர் வேறு யாரையாவது அனுப்பி மறுபடி நாலு போடச் சொல்லியிருந்தால்? அந்தக் கதவுக்கு முன்னால் நின்றது போல அவர் எந்த அதிகாரி அறைக்கு முன்னாலும் நின்றதில்லை. தன் ஜன்மத்தில் தன்னோடு பேசியவர்கள் எல்லோரும் எதற்காக முந்திக்கொண்டார்கள் என்பது அவருக்கு அப்போது நன்றாகவே விளங்கியது. காத்திருப்பது தாங்கவில்லை, அவ்வளவுதான்.

கதவு திறந்தது. அவள் வெளியே வந்து போனை மேஜையில் வைத்தாள்.

“பதிஞ்சாச்சுப்பா” என்றாள். “நீங்க பக்கத்துல இல்லேன்னா எனக்கு வருது.”

ஒரு இடத்திலும் நிற்காமல் வந்தது. அதில் குத்தல் இல்லை, குறை இல்லை, பஸ் வந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். சந்தோஷமா வலியா என்று கமாவுக்குப் பிரிக்க முடியவில்லை, இரண்டும்தான்.

அவளிடம் சொல்ல அவருக்கு நிறைய இருந்தது. மன்னிச்சுக்கோ என்று ஆரம்பிக்க நினைத்தார். முதல் எழுத்திலேயே உதடு ஒட்டிக்கொண்டது. நாலு விநாடி ஆயிற்று, பத்து ஆயிற்று. அவர் என்ன சொல்லப் போகிறார் என்று அவளுக்குத் தெரியும், அவள் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் எடுத்துக்கொடுக்கவில்லை. கதவில் சாய்ந்துகொண்டு அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். கடைசியில் அவர் அந்த வார்த்தையைக் கைவிட்டுச் சுலபமான வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்.

“சரிம்மா” என்றார்.

அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

“அது இல்ல நீங்க சொல்ல வந்தது” என்றாள். “சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.”